ஏரியும் ஏடும்

பாலாறு செங்கல்பட்டு மாவட்டத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போய்க் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆனாலும் அந்த ஆற்றை மட்டும் நம்பி இந்தச் சீமை பிழைத்ததில்லை. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும் மழையைப் பிடித்து நிறுத்தினால் சோறு, விட்டால் பஞ்சம். அதனால்தான் இங்கே ஊருக்கு ஒன்றாக ஏரிகள் வெட்டினார்கள்; ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலிபோலக் கோத்தார்கள். மதுராந்தகத்துப் பெரிய ஏரியிலிருந்து பெயர் தெரியாத தாங்கல்கள் வரை எல்லாம் இந்தச் சங்கிலியின் கண்ணிகள். இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் தானாக யாரிடமும் வந்து சேராது. எந்த மதகு எந்த நாளில் திறக்கும், எந்த மடைக்கு எவ்வளவு, கடைமடைக்கு உண்டா இல்லையா என்று யாரோ தீர்மானிக்க வேண்டும், அதை எழுதி வைக்க வேண்டும். ஏரி இருந்த இடத்தில் ஏடும் இருந்தது. ஏட்டை வைத்திருந்தவர் கையில் மதகும் இருந்தது. செங்கல்பட்டின் வறுமைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். எழுத்தையும் தண்ணீரையும் ஏழைகளுக்குத் தரவேண்டிய இரண்டு தனித்தனி உதவிகளாக நாம் பேசிப் பழகிவிட்டோம். இந்த மண்ணின் வரலாற்றில் அவை ஒரே பூட்டின் இரண்டு தாழ்கள். ஒன்றை மட்டும் நீக்கியபோதெல்லாம் கதவு திறக்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து தொடங்கலாம். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் அது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை சொல்லும் குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படிக்காத தமிழர் இருக்க முடியாது. ஊரைப் பிரித்த 30 குடும்புகளிலிருந்து ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களை அமைத்தார்கள். அதில் ஆறு பேர் கொண்டது ஏரி வாரியம். அவ்வூர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்திலேயே வெட்டியது. இதைக் குடியாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுகிறவர்கள் தகுதிப் பட்டியலை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். காணியும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் குறைவாக இருந்தாலும் கல்வி கூடுதலாக இருந்தால் இடமுண்டு என்று ஒரு சலுகை வேறு. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கிறது. அந்த நேர்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே, ஏரியை ஆள நிலமும் எழுத்தும் வேண்டும் என்று கல்லில் வெட்டிவிட்டார்கள். ஏரிக் கரையில் மண் சுமந்தவருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பறைச்சேரி தனியாக, பறைச்சுடுகாடு தனியாகக் குறிக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஓலைக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பது விளங்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய கிராமம் தன் ஏரியையும் பள்ளியையும் தானே பேணிக்கொண்டது, வறுமை வெள்ளைக்காரன் வந்து கொடுத்தது என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிக்கு மரியாதை செய்தாக வேண்டும். 1763இல் ஆர்க்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கும்பினியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையான ஊர்க்கணக்கு ஓலைகளில் சில இன்றும் இருக்கின்றன; திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் ஓலைகள் நூலாகவே வந்திருக்கின்றன. களத்தில் நெல்லைப் பங்கிடும் முன்பே ஏரிக்கும் கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் மேரை என்ற பங்கை ஒதுக்கிவிடுவதை அவற்றில் பார்க்கலாம். ஊர் தன் ஏரிக்குத் தானே வரி போட்டுக்கொண்டது. பள்ளிகளும் இருந்தன. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பில், சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், அதாவது ஏறக்குறைய 1,000 பேருக்கு ஒரு பள்ளி இருந்தது. வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்தக் கணக்கைத் தேடி எடுத்துத் தந்தது பெரிய பணி. கும்பினி ஆட்சி அந்த மேரைகளை வரியாகச் சுருட்டிக்கொண்டதும், ஏரிகள் தூர்ந்ததும், ஊரார் சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தைக் காப்பாற்ற 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போடும் அளவுக்கு நிலைமை போனதும் உண்மை. 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்ட கதை அவ்வூர் ஏரிகாத்த ராமர் கோயிலோடு சேர்ந்து நிற்கிறதென்றால், அப்படிச் செய்த கலெக்டர்கள் அபூர்வம் என்பதும் ஒரு காரணம்.

மறுபாதிதான் தவறு. மன்றோவின் பள்ளிகளில் பெண்கள் மிகச் சொற்பம்; சேரிப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஓலைக் கணக்கில் வெட்டியானுக்குப் படி உண்டு; அந்தப் படி எவ்வளவு என்று ஓலையைப் படித்துச் சரிபார்க்க அவருக்கு எழுத்து இல்லை. ஏரியிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலை இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் சேரியைச் சேர்ந்தவரிடம்தான் இருந்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று விரல் நுனியில் வைத்திருந்தவர் அவர். பயிருக்கு நீர் விடும் அதே கைகள் ஊர்க் கிணற்றின் கயிற்றைத் தொடக் கூடாது. அவர் வீட்டுப் பெண் குடத்தைக் கிணற்றடிக்கு அப்பால் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். சேந்துகிறவர்களில் யாராவது மனம் வைத்து, தன் குடம் இந்தக் குடத்தில் படாமல் மேலிருந்து ஊற்றினால் உண்டு. பாதி நீர் மண்ணில் சிந்தும். வெயில் ஏறி, வேலைக்கு நேரமாகி, யாரும் ஊற்றாத நாளில் ஏரியின் உள்வாயில் ஊற்றுத் தோண்டிக் கலங்கல் நீரை வடித்து எடுத்துப் போக வேண்டும். மாடு இறங்கிய நீரும் அதுதான், பிள்ளைக்குப் பேதி வந்த நீரும் அதுதான். பேதி என்றால் இரண்டு நாள் கூலி போயிற்று; கூலி போனால் மிராசுதாரிடம் கைமாற்று; கைமாற்றுக்கு ஒரு சீட்டு; அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு கைநாட்டு. கிணற்றிலிருந்து கடன் பத்திரத்துக்கு இத்தனை குறுகிய வழி.

மிராசு என்ற உரிமையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தொண்டை மண்டலத்தில் பழைய காணியாட்சிக்காரர்களின் பரம்பரை உரிமைக்கு அந்தப் பெயர். பயிரிடும் நிலத்தோடு நிற்காமல் தரிசையும் குளத்தையும் சேரி நத்தத்தையும் தங்களுடையது என்று அவர்கள் கோரினார்கள். அதை விளக்கி 1816இல் நீண்ட அறிக்கை எழுதியவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை. திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 1818இல் 27 கிணறுகள் வெட்டிக் குறளை மேற்கோள் காட்டிக் கல்வெட்டும் வைத்தார். நல்ல மனிதர், தமிழை நேசித்தவர். ஆனால் அவர் வெட்டிய கிணறுகளைவிட, மிராசு பற்றி அவர் எழுதிய எழுத்து செங்கல்பட்டில் அதிக காலம் நீர் ஓடிய திசையைத் தீர்மானித்தது. புதிதாக ஒருவர் தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனு போட்டால், எனக்குத்தான் முதல் உரிமை என்று மிராசுதார் வந்து நிற்கலாம் என்ற ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இங்கே தொடர்ந்தது. சேரியில் இருப்பவர் நிலம் கேட்கவே வழியில்லை. கேட்கத் துணிந்தால் குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையதுதான், நாளைக்கே காலி செய் என்பார்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் இதை நேரே பார்த்து எழுதினார். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய அவருடைய குறிப்பு இந்திய வறுமை பற்றி எழுதப்பட்ட ஆவணங்களில் மிக நேர்மையானவற்றுள் ஒன்று. அவருக்கு முன்பே இந்தச் சீமையில் பணியாற்றிய பாதிரிமார்கள், முக்கியமாக ஆடம் ஆண்ட்ரூவும் வில்லியம் கௌடியும், சேரி மக்களின் மனை, நிலம் பிரச்சினைகளை அரசுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார்கள். டிரெமென்ஹீர் கூலியையும் கடனையும் குடிசையையும் பள்ளியையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்தார். நிலமும் மனையும் கல்வியும் சேர்ந்து வர வேண்டும் என்றார். வருவாய் வாரியம் பெரும்பாலானதைத் தட்டிக்கழித்தது. மிஞ்சியது 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்க வழிசெய்த அந்த ஆணையின் கீழ் வந்தவையே பஞ்சமி நிலங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பினர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்பது இந்த நிலங்களுக்கு விதித்த நிபந்தனை. அருமையான பாதுகாப்பு. ஆனால் அது தாளில் இருந்தது. தாளை வைத்திருந்தவர் ஊர்க் கணக்கரான கர்ணம். நிலத்தைப் பெற்றவர் கைநாட்டு.

இன்னொரு மறுப்பும் உண்டு. முதலில் நிலம், கூலி, பிறகுதான் மற்றவை; கிணறும் அரிச்சுவடியும் கொடுத்து வறுமையைத் தேய்த்துவிடலாம் என்பது நிலமுள்ளவர்களுக்கு வசதியான பேச்சு என்று இடதுசாரிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நிலம் முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பஞ்சமி நிலத்தின் கதையே அந்த வரிசைக்கு எதிரான சாட்சி. நிலம் கொடுத்தார்கள், கொடுத்தது பெரும்பாலும் ஏரிப் பாய்ச்சல் எட்டாத தரிசு. கிணறு வெட்டக் கடன் வேண்டும், கடனுக்குக் கைநாட்டு வேண்டும். ஒரு மழை பொய்த்தால் போதும், நிலம் வாய்வார்த்தையில் ஒத்திக்குப் போகும், பத்தாண்டில் அடங்கல் பதிவேட்டில் வேறு பெயர் ஏறியிருக்கும். விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பது வாங்கியவருக்குத் தெரியும், எழுதிய கர்ணத்துக்குத் தெரியும்; இழந்தவருக்கு மட்டும் தெரியாது. எழுத்தும் நீரும் இல்லாமல் கைக்கு வந்த நிலம் கையில் நிற்கவில்லை. நிலமா எழுத்தா என்று கேட்பதே பிழை.

இந்த உண்மையை முதலில் முழுதாக உணர்ந்தவர் இந்த மண்ணில் பிறந்த ஒருவர்தான். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்ற ஊரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். வசைச் சொல்லாகப் பயன்பட்டதையே தலைப்பாக வைத்து, எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பெயரால் ஓர் அச்சு ஏடு நடத்தினார். மனுக்கள், கூட்டச் செய்திகள், அரசாணைகள் அதில் வந்தன. சேரியில் ஒருவர் உரக்க வாசித்தால் பத்துப் பேர் கேட்கலாம். 30 ஆண்டுகள் கழித்து அதே மனிதர் சட்டமன்ற உறுப்பினராகத் தண்ணீருக்கு வந்து சேர்ந்தார். பொதுச் சாலை, அரசு அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். மகாத் நகரின் சௌதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1927இல். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் சீனிவாசனும் அவரும் சேர்ந்து அமர்ந்தார்கள். இதே வழியில் போன இன்னொருவர் பரங்கிமலைக்காரரான எம்.சி. ராஜா, பள்ளி ஆசிரியர். 1938இல் இதே உரிமையைச் சட்டமாக்கக் காரணமாக இருந்தவர். கிணற்றை நோக்கிப் போன சீனிவாசனும் ராஜாவும் எழுத்தின் வழியாகத்தான் போனார்கள் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கிடையில் அரசு வேறு வழியிலும் நடந்தது. 1920 வாக்கில் தொழிலாளர் துறை என்ற பெயரில் ஒரு துறை ஏற்பட்டு, சேரிகளுக்குத் தனிக் கிணறும் தனிப் பள்ளியும் மனைகளும் கொடுக்கத் தொடங்கியது. ஊர்க் கிணற்றில் உரிமை கேட்டால் தனிக் கிணறா என்று அன்றைக்கே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. தனிக் கிணறு தீண்டாமைக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தது, இன்றும் காலனிக்கு ஒரு தொட்டி, ஊருக்கு ஒரு தொட்டி என்று அது நீள்கிறது. ஆனாலும் சேரிக்குள் ஒரு கிணறு வந்த நாளில் ஒரு பெண்ணின் காலை நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் மதிப்பைக் குடக் கணக்கில் சொல்கிறேன். இன்று அரசு வகுத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்றால் 18 குடம். இடுப்பில் 15 கிலோவோடு 18 நடை. கிணறு கால் மைல் தொலைவில் இருந்தால் போகவர நடையே ஒன்பது மைல் ஆகிறது. அப்படி யாரும் நடந்திருக்க மாட்டார்கள். ஐந்தாறு குடத்தோடு நிறுத்திக்கொண்டு குளிக்காமல், துவைக்காமல், கை கழுவாமல் இருந்திருப்பார்கள். அழுக்கர்கள் என்று ஊர் சொன்ன வசையின் கணக்கு இதுதான்.

1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வந்தது. அதே பத்தாண்டில் இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பு உருவாயிற்று. கோவை வட்டாரத்தில் சோதித்து, சென்னைத் தொழிற்சாலையில் வார்த்து, உலகம் முழுக்கப் போன பம்பு அது. செங்கல்பட்டின் கெட்டிப் பாறையைத் துளைத்து இறக்கிய போர் குழியின் மேல் அந்த அடிபம்பு நின்றது. குடத்தை மூக்கடியில் வைத்துக் கைப்பிடியை இரு கையாலும் அழுத்தினால், பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு தொண்டை செருமுவதுபோல் ஒரு சத்தம், பிறகு நீர். கயிறு இல்லை, தொடக்கூடாத வாளி இல்லை, யாரும் இறங்கி மிதிக்கும் படியில்லை. நரம்புச்சிலந்திப் புழு பரவியது அப்படி இறங்கி நீர் எடுத்த படிக்கிணறுகளில்தான். தெருவில் நின்ற அந்த இரும்பு யாரிடமும் மனம் வைக்கச் சொல்லிக் கேட்க வைக்கவில்லை. 1980 நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைத் தேர்வு வைத்து நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நிலப் பதிவேடுகளான சிட்டாவும் அடங்கலும் ஒரு குடும்பத்துப் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. நீரும் ஏடும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழைய கைகளிலிருந்து நழுவியதை நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சேர்த்து எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பிறகு அறிவொளி இயக்கம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கி, 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாகி, அடுத்து புதுக்கோட்டை. கல்லுடைக்கும் பெண்கள் அங்கே எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள், கல் குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். நம் வடக்கெல்லைக்கு அப்பால் நெல்லூரில் இரவுப் பாடம் படித்த பெண்கள் சாராயக் கடைகளை மூடவைத்தார்கள். பெயரெழுதக் கற்றவர்கள் இரண்டே ஆண்டில் மறந்துவிட்டார்கள், கையெழுத்துப் போட்டதால் கூலி உயர்ந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. மறந்தது உண்மை. எழுத வேலையில்லாத எழுத்து மறந்துதான் போகும். ஓட்டுப் போட எழுத்து வேண்டாம் என்று 1950லேயே நம் அரசியல் சட்டம் முடிவுசெய்ததும் சரியான முடிவு. பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு 1985 வரை ஓட்டில்லை. ஆனால் ஓட்டுச் சாவடியில் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போடலாம், பத்திரப் பதிவு அலுவலகத்தில் சின்னம் இல்லை. பட்டா என்ற சொல்லில் மூன்றே எழுத்து. அந்த மூன்றையும் கூட்டி வாசிக்கத் தெரிந்த பெண்ணிடம், வேறொரு தாளை நீட்டி இதுதான் பட்டா என்று சொல்ல முடியாது. முதியோர் கல்வி தருவது பெரும்பாலும் இவ்வளவுதான். செங்கல்பட்டில் இவ்வளவு இல்லாததால் போனது எத்தனை ஏக்கர் என்பதை நினைத்தால் அதைச் சிறிது என்று சொல்ல மனம் வராது.

1994இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள காரணை ஊரில் அந்தக் கணக்கு வெளியே வந்தது. 100 ஆண்டுக்கு முந்தைய ஆணையையும் வருவாய்ப் பதிவேடுகளையும் கையில் வைத்துக்கொண்டு, இது பஞ்சமி நிலம், எங்களுடையது என்று மக்கள் இறங்கினார்கள். அங்கே அம்பேத்கர் சிலையை நிறுத்தினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். டிரெமென்ஹீர் குறிப்பெழுதிய அதே சீமையில், அந்தக் குறிப்பிலிருந்து பிறந்த நிலத்துக்காக இரண்டு இளைஞர்கள் உயிர் விட்டார்கள். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாத நிபந்தனையைப் பேரன் வாசித்துவிட்டான் என்பதுதான் அன்று நடந்ததன் சாரம். அதற்குத் துப்பாக்கி பதில் சொன்னது.

காரணையை அடுத்த இந்தக் கடற்கரையில் இப்போது நீருக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும். நெம்மேலி ஆலையில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீர் குடிநீராகிச் சென்னைக்குப் போகிறது; 2024இல் இன்னொரு 15 கோடி லிட்டர் சேர்ந்தது. அதே கரையில் மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடலோரம் பழங்குடியினரான இருளர்கள் கூடுகிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமையாய் இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் பல அவர்களில் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் வேண்டும். மனைப்பட்டா கேட்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்கப் போனால் அப்பாவின் சான்றிதழ் எங்கே என்பார்கள்; அப்பா பள்ளிக்கே போனதில்லை. தெருக்குழாய் கடைசி வீடு வரை வந்து, குடிசைகளுக்கு முன்னால் நின்றுவிட்ட இடங்கள் உண்டு. ஏன் நின்றது என்று கேட்டால் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுகிறார்கள். அந்த இடம் அதில் வீடு என்றோ குடியிருப்பு என்றோ இல்லை. ‘ஏரிப் புறம்போக்கு’ என்று இருக்கிறது.